அப்பா வீடு காலியானால் விலை இறங்குமா?

வீடு, மனை, பாகப்பிரிவினை என்று வரும் கடிதங்களைத் தனியாக ஒரு கட்டாக எடுத்து வைப்பது வழக்கம். இந்தத் தடவை பிரித்துப் பார்த்தால் ஐந்து கடிதங்கள் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன. பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, பிள்ளைகள் ஒன்றோ இரண்டோதான், அவர்களும் ஊரில் இல்லை, அப்படியென்றால் இத்தனை வீடுகளும் என்ன ஆகும், விலை என்ன ஆகும்? ஐந்துக்கும் இந்த இதழிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. மடிப்பாக்கத்தில் 20,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். அதே மாதிரி ஒரு ஃபிளாட் வாங்க 80 லட்சம் கேட்கிறார்கள். "ஜப்பானில் 90 லட்சம் வீடு காலியாகக் கிடக்கிறது, இங்கேயும் பத்துப் பதினைந்து வருஷத்தில் வயதானவர்கள் வீடெல்லாம் விற்பனைக்கு வரும், பாதி விலைக்கு வாங்கலாம், இப்போது போய் மாட்டிக்கொள்ளாதே" என்கிறார்கள் நண்பர்கள். மனைவி இப்போதே வாங்க வேண்டும் என்கிறாள். காத்திருக்கலாமா? (ஒரு வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: பெரியவர்கள் போய்ச் சேர்ந்தால் மடிப்பாக்கத்தில் விலை பாதியாகும் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். அவசரப்படாமல் இருக்க உங்களுக்கு வேறு நல்ல காரணம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன், ஆனால் இந்தக் காரணம் வேண்டாம்.

உங்கள் நண்பர்கள் போடும் கணக்கைப் பெரிய படிப்பாளிகளே முன்பு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1989-இல் கிரெகரி மேன்கிவ், டேவிட் வெய்ல் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1946 முதல் 1964 வரை, அங்கே பிள்ளைகள் ஏராளமாகப் பிறந்தார்கள், அந்தக் கூட்டம் வளர்ந்து வேலைக்குப் போய் வீடு வாங்க வந்ததால்தான் 1970களில் விலை ஏறியது, அடுத்து வரும் கூட்டம் சிறியது, ஆகவே பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் 2007-க்குள் வீட்டு விலை 47 சதவீதம் இறங்கிவிடும் என்றார்கள். கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா? நடந்தது என்னவோ நேர் எதிர். 2006-க்குள் விலை வெகுவாக ஏறியிருந்தது. அப்புறம் விழுந்தபோதும் வயதானவர்களால் விழவில்லை, திருப்பிக் கட்ட வழியில்லாதவர்களுக்கெல்லாம் கடனை அள்ளிக் கொடுத்ததால் விழுந்தது. அந்தக் கட்டுரையை நம்பி 17 வருஷம் வாடகை வீட்டிலேயே காத்திருந்த ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

சரி, ஜப்பான்? உங்கள் நண்பர்கள் சொன்ன எண் உண்மைதான். 2023-இல் அந்த நாட்டு அரசு எடுத்த கணக்கில் 90 லட்சம் வீடுகள் காலி, மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். வாகாயாமா, தொகுஷிமா மாதிரி இளைஞர்கள் விட்டுப் போன மாகாணங்களில் ஐந்தில் ஒரு வீடு காலி. அதே 2023-இல் டோக்கியோ நகரின் 23 வட்டாரங்களில் புதிய அடுக்குமாடி வீட்டின் சராசரி விலை 10 கோடி யென்னைத் தாண்டியது. ஜப்பானின் மக்கள்தொகை 2008-லிருந்தே குறைந்துகொண்டு வருகிறது, 65 வயதைத் தாண்டியவர்கள் கிட்டத்தட்ட பத்தில் மூன்று பேர், அப்படிப்பட்ட நாட்டிலேயே தலைநகரில் இந்த விலை. கிராமத்துப் பாட்டி இறந்ததும் அவள் வீடு காலியாகிறது, அவள் பேத்தி டோக்கியோவில் வீடு தேடுகிறாள், பாட்டி வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து டோக்கியோவில் வைக்க முடியாது அல்லவா?

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே வீடுகள் பெரும்பாலும் மரத்தில் கட்டியவை, வரிக் கணக்கில் மரவீட்டின் ஆயுளே 22 வருஷம்தான், அதற்கு மேல் கட்டடத்துக்குப் பெரிதாக மதிப்பு கிடையாது. வீடு நிற்கும் மனைக்குச் சொத்து வரியில் பெரிய சலுகை உண்டு, 200 சதுர மீட்டர் வரை ஆறில் ஒரு பங்கு மதிப்புக்குத்தான் வரி, இடித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். இடிக்கவும் செலவு. அதனால் பிள்ளைகள் பழைய வீட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் விலை என்பதே மனை விலைதான், முப்பது வருஷக் கட்டடத்துக்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை. ஜப்பானில் அப்பா சொத்து பிள்ளைக்கு வரும்போது 55 சதவீதம் வரை வாரிசு வரி உண்டு, நகரத்து மனை கிடைத்தால் அந்த வரியைக் கட்டுவதற்கே அதை விற்க வேண்டி வரலாம். இந்தியாவில் இறந்தவர் சொத்து மீதான வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் இங்கே அப்பா போனால் பிள்ளை அவசரப்பட்டு விற்கத் தேவையில்லை, பூட்டுப் போட்டுவிட்டு அமெரிக்கா போய்விடலாம், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சொத்து வரி கட்டினால் போதும். ஒரே நேரத்தில் வீடுகள் வந்து குவியும் என்று உங்கள் நண்பர்கள் நினைக்கிறார்களே, அது நடக்காமல் போக இது முக்கியமான காரணம்.

தமிழ்நாட்டுக்கு வயதாகிறது என்பதில் சந்தேகமில்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டியே ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளை என்ற அளவுக்கு வந்துவிட்டோம், மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-இல் அது 1.4. அறுபதைத் தாண்டியவர்கள் 2021-இல் 13.6 சதவீதம் என்றும் 2031-இல் 18.2 சதவீதமாக உயர்வார்கள் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. ஆனால் ஆள் குறைவதும் வீடு குறைவாகத் தேவைப்படுவதும் ஒன்றல்ல. என் தாத்தா வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே 11 பேர் படுத்தோம். இன்றைக்கு அதே குடும்பத்தில் 9 பேர்தான் இருக்கிறோம், ஐந்து வீடுகளில் இருக்கிறோம். இந்தப் பிரிவு இன்னும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. இதோடு வேலைக்காக விழுப்புரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வடக்கிலிருந்தும் சென்னைக்கு வந்து இறங்கும் இளைஞர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில், வயதாவதன் பாதிப்பு முதலில் சிற்றூர்களில் தெரியும், பிறகு சிறு நகரங்களில், சென்னைக்குக் கடைசியாகத்தான் வரும், அதுவும் நீங்கள் ஓய்வு பெறும் வயதில்.

இப்போது அந்த வேறு காரணம். உங்கள் வாடகை வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம், 80 லட்சத்தில் அது 3 சதவீதம். 20 லட்சம் கையிலிருந்து போட்டு, 60 லட்சம் கடனை எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 52,000. வாடகையை விட 32,000 கூடுதல். அதைக் கட்டினாலும் வீட்டுச் செலவுக்குத் தட்டுப்பாடு வராது, இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை போனாலும் ஆறு மாதம் சமாளிப்போம், இந்த ஊரைவிட்டுப் பத்து வருஷம் நகர மாட்டோம், இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் வாடகையிலேயே இருங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும் சாமான் கட்டியது யார், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைந்தது யார் என்று நீங்களே நினைத்துப் பார்த்தால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது புரியும். வாங்கும்போது வீட்டின் சதுர அடியை மட்டும் பார்க்காமல் யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு, எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு அந்தப் பங்கு 350 சதுர அடி என்றால் ஒரு கதை, 550 என்றால் வேறு கதை, முப்பது வருஷம் கழித்து உங்கள் பிள்ளைக்கு மிஞ்சப்போவது அந்தப் பங்குதான்.

கேள்வி: ஓய்வுக் காலப் பாதுகாப்புக்காக நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இரண்டு மனை வாங்கிப் போடலாம் என்றிருக்கிறேன். வயது 52. சரியா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம். வயதாகும் சமூகத்தில் முதலில் அடிபடுவது இந்த மாதிரி மனைகள்தான், ஊர் வளர்ந்து நம்மைத் தேடி வரும் என்ற நம்பிக்கையில் வாங்கிப் போட்டவை. அடுத்த தலைமுறை சிறியது, அவர்கள் வேலைக்குப் பக்கத்தில் இருக்கப் பார்ப்பார்கள். உங்களுக்கு 75 வயதாகும்போது வேலி சாய்ந்திருக்கிறதா, பக்கத்து மனைக்காரர் இரண்டடி தள்ளிக் கல் நட்டிருக்கிறாரா என்று வெயிலில் போய்ப் பார்க்க வேண்டும். அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டுமென்றால் ஒரு மனையை விற்று முடிக்க மாதக்கணக்காகும், அதில் கால் பாகத்தை மட்டும் விற்கவும் முடியாது. வங்கியில் சின்னச் சின்ன வைப்புகளாகப் போட்டு வைத்தால், வட்டி கொஞ்சம் குறைந்தாலும், வேண்டியபோது வேண்டிய அளவு எடுக்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு 73. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் இருவரும் தனியாக இருக்கிறார்கள். முற்றம், கூடம், பின்கட்டு, கொல்லை எல்லாம் உண்டு. அண்ணன் அமெரிக்காவில், தங்கை சென்னையில், நான் பெங்களூரில். யாரும் திரும்பிப் போகப்போவதில்லை. தெருவில் ஏற்கெனவே ஏழு வீடு பூட்டிக் கிடக்கிறது. விலை இன்னும் இறங்குவதற்குள் விற்றுவிடச் சொல்லலாமா? கேட்டாலே அவர் சாவுக்காகக் காத்திருக்கிறோம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, பெங்களூரு)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் அம்மா. மடிப்பாக்கத்து வாசகர் எதிர்பார்க்கும் விலை இறக்கம் உங்கள் தெருவில் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது காகிதத்தில் தெரியாது. பத்திரப் பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு அப்படியேதான் நிற்கும், ஏறினாலும் ஏறும். வாங்க ஆள் மட்டும் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரோ வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவரோ, ஒரே ஒருவர் வந்து நிற்பார், அவர் சொல்வதுதான் விலை. கேரளத்தில் இது நமக்கு முன்பே வந்துவிட்டது, 2011 கணக்கெடுப்பிலேயே அங்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன, பத்தனம்திட்டா மாவட்டத்தில் கும்பநாடு மாதிரி ஊர்களில் பெரிய பெரிய வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள், அல்லது யாருமே இல்லை. நம் செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் சம்பாதித்துக் கட்டிய வீடுகள், பர்மாத் தேக்குத் தூண்கள், ஒரு வீட்டுக்குப் பல பத்துப் பங்காளிகள், ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அறை, கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கும். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் ஓடு மாற்ற முடியும், ஓடு மாற்றாததால் மழை உள்ளே வரும், கடைசியில் வீட்டைப் பிரித்து விற்பார்கள். அந்தத் தூணும் நிலையும் கண்ணாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வந்து நிற்கும். சில வீடுகள் ஹோட்டலாகிப் பிழைத்துக்கொண்டன, பங்காளிகள் ஒற்றுமையாக இருந்த வீடுகள் அவை.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாத்தா வீடு. உயில் எழுதாமல் போய்விட்டார். ஐந்து பிள்ளைகள். பேசி முடிப்பதற்குள் பெரியப்பா போனார், அவருடைய பங்கு மூன்று பிள்ளைகளுக்குப் போனது, அதில் ஒருவர் வெளிநாட்டில், அவர் கையெழுத்துக்காக நான்கு வருஷம். அத்தைக்குப் பங்கு உண்டா இல்லையா என்று ஒரு சண்டை, அந்தச் சண்டையில் பேச்சு நின்றது, ஆடிக்கும் தீபாவளிக்கும் வந்துகொண்டிருந்த அத்தை வருவதை நிறுத்திவிட்டார். மொத்தம் 14 வருஷம். ஒரு ஐப்பசி மழையில் கூடத்து விட்டம் இறங்கியது. கடைசியில் மனை விலைக்கு விற்றோம், வாங்கியவர் முதல் நாளே வாசல் கதவையும் ஊஞ்சல் பலகையையும் வண்டியில் ஏற்றினார். அப்பா அன்றைக்கு ஊருக்கு வரவில்லை. அவர் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, இன்று வரை அது எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான். அவர்கள் இரண்டு பேரும் அங்கே நடமாடிக்கொண்டிருக்கும் வரை விற்பனைப் பேச்சையே எடுக்காதீர்கள். நீங்கள் பார்க்கும் விலையில் இரண்டு மூன்று லட்சம் குறைந்தால் குறையட்டும். 79 வயதில் அந்த வாசல் திண்ணையை எடுத்துவிட்டு பெங்களூரில் எட்டாவது மாடி பால்கனியைக் கொடுத்தால் அவருக்கு யாரோடு பேச்சு? ஆனால் காகிதத்தை இப்போதே சரி செய்யுங்கள், அதை ஒத்திப்போடாதீர்கள். தாய்ப்பத்திரம் எங்கே இருக்கிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது, இன்னமும் தாத்தா பெயரிலேயே ஓடுகிறதா, வில்லங்கச் சான்று எடுத்து எத்தனை வருஷமாயிற்று? தாத்தாவுக்கு வேறு பிள்ளைகள் இருந்தார்களா, அவர்களோடு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானதா, இல்லை வாய்வார்த்தையில் பிரித்துக்கொண்டதா? இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஒரே ஆள் உங்கள் அப்பா. பெண்களுக்குப் பங்கு உண்டா என்று யாராவது இழுத்தால், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தமிழ்நாட்டில் 1989 சட்டத்திருத்தத்திலேயே வந்தது, அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கு, 2005-இல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டமே மாறி எல்லா மகள்களுக்கும் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். அப்பாவின் பங்கு எவ்வளவோ அதை அவர் விருப்பப்படி உயிலாக எழுதலாம், இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுவது நல்லது. இப்போதே பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கடைசி நாள் வரை வீடு அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும், அப்பாவுக்குப் பிறகு அம்மா யார் தயவிலும் இருக்கக் கூடாது. அப்படியே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. அண்ணன் அமெரிக்காவிலிருந்து பவர், அதாவது தனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், கொடுப்பதானால், அங்கே முறைப்படி சான்றொப்பம் வாங்கி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் இதை மறந்து திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

எப்படிக் கேட்பது என்று கேட்டீர்கள். போனில் கேட்காதீர்கள். பொங்கலுக்கு ஒரு வாரம் போய்த் தங்குங்கள், முடிந்தால் மூன்று பேரும். பின்கட்டில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது என்று அப்பாவோடு சேர்ந்து எண்ணுங்கள், ராத்திரி அம்மாவுக்கு மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள், கொல்லைப்பக்கக் கழிவறையை உள்ளே கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள். அந்த வேலை நடக்கும்போது அவரே பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் காட்டுவார். வீட்டை இப்போது பழுதுபார்க்கச் செலவு செய்யும் பிள்ளை, விற்கத்தான் வந்திருக்கிறான் என்று எந்த அப்பாவும் நினைக்க மாட்டார்.

கேள்வி: எங்கட ஊரில் ஒழுங்கைக்கு நாலு வீடு பூட்டிக் கிடக்குது. உரிமையாளர் எல்லாம் கனடா, லண்டன், சுவிஸ். கிழடுகள் மட்டும்தான் மிச்சம். நியாயமாகப் பார்த்தால் விலை இறங்க வேணும். ஆனால் ஒரு பரப்புக் காணி விலையைக் கேட்டால் தலை சுற்றுது. இங்கேயே இருந்து படிப்பிக்கிற எங்களைப் போல ஆட்கள் எப்படி வாங்கிறது? (ஓர் ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: காலி வீடு வேறு, விற்பனைக்கு வந்த வீடு வேறு என்பதை உங்கள் ஊரை விடத் தெளிவாகக் காட்டும் இடம் இல்லை. போரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் அந்த வளவைப் பணமாக நினைப்பதில்லை, போன பிறகு அவர்களிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான், விற்காமல் ஒரு முதியவரைக் காவலுக்கு வைத்திருப்பார்கள். அப்படியே ஒன்று விற்பனைக்கு வந்தாலும் வாங்க வருபவர் டொலரிலோ பவுணிலோ எண்ணுகிறார். 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்த பிறகு அவர்களுக்கு அது இன்னும் மலிவாயிற்று, மாதச் சம்பளம் வாங்கும் உங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இது அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு விஷயம் உங்களுக்குப் பயன்படலாம். உறவுக்காரர்களோடு கூட்டாக இருக்கும் காணி ஏதாவது உங்கள் குடும்பத்தில் உண்டா என்று பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழர்களின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி, பங்குக்காரர் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்கும் முன் மற்றப் பங்குக்காரருக்குச் சொல்ல வேண்டும், முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அடுத்தது, பூட்டிய வீட்டை வாடகைக்குக் கேளுங்கள். உரிமையாளர்கள் பயப்படுவது எதற்கென்றால், பத்து வருஷம் இருந்துவிட்டால், இருந்ததை வைத்தே வீடு தங்களுடையது என்று ஆட்சி உரிமை கேட்டுவிடுவார்களோ என்றுதான். வாடகை ஒப்பந்தத்தை நொத்தாரிசு (நோட்டரி) முன்னால் எழுதி, உரிமையாளரின் சம்மதத்தோடுதான் இருக்கிறேன் என்பதைத் தெளிவாகப் போட்டு, வருஷா வருஷம் புதுப்பித்தால் அந்தப் பயம் போய்விடும். ஓர் ஆசிரியர் குடும்பம் விளக்கேற்றி வாழும் வீட்டில் கறையான் ஏறாது, கனடாவில் இருப்பவருக்கும் அது நல்லதுதானே?

கேள்வி: வயது 74, மனைவிக்கு 70. நங்கநல்லூரில் 1991-இல் கட்டிய அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மொத்தம் 12 வீடுகள். மகன் ஆஸ்திரேலியாவில். போன மாதம் ஓர் உறவுக்காரப் பையன், "உங்களை மாதிரி இரண்டு பேர் மூன்று பெட்ரூமைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான் எங்களுக்கு வீடு கிடைப்பதில்லை" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. விற்றுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புக்குப் போய்விடலாமா? (ஒரு வாசகர், நங்கநல்லூர்)

பதில்: ஐயா, அந்தப் பையன் சொன்னது தவறு, அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். முப்பது வருஷம் தவணை கட்டி வாங்கிய வீட்டில் நீங்கள் இருப்பது யாருடைய இடத்தையும் பறித்ததாகாது. அமெரிக்காவிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, பெரியவர்கள் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள் என்று. நகர்ந்தால் அவர்களுக்கு என்ன ஆகும்? 2021-இல் 3 சதவீத வட்டிக்குக் கடன் கட்டிக்கொண்டிருந்தவர் 2023-இல் வேறு வீடு வாங்கினால் சுமார் 7 சதவீதம் கட்ட வேண்டும். நகர்ந்தால் நஷ்டம் என்று ஏற்பாடு செய்துவிட்டு, நகரவில்லை என்று பெரியவர்களைக் குறை சொல்வது எப்படி நியாயம்? இங்கேயும் அப்படித்தான். கோயிலுக்கும் மருத்துவருக்கும் பக்கத்தில், லிஃப்ட் வைத்த ஒரு சின்ன வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் உங்கள் பேட்டையில் கிடைத்தால் நீங்களே போயிருப்பீர்கள்.

உங்கள் உண்மையான பிரச்சினை அந்தப் படிக்கட்டு. மூன்று மாடி ஏறி இறங்குவது இன்னும் எத்தனை நாளைக்கு? கட்டடத்தை இடித்துக் கட்டும் வழி ஒன்று உண்டு. முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும், இப்போது 2022-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது, உங்கள் பன்னிரண்டில் எட்டுப் பேர். சென்னையில் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, முன்பு ஒன்றரை, 2019 விதிகளில் இரண்டு, அதனால் பில்டர்கள் இந்த மாதிரிப் பழைய கட்டடங்களைத் தேடி வருகிறார்கள். ஆனால் இரண்டு மூன்று வருஷம் வேறு இடத்தில் வாடகைக்கு இருக்க வேண்டும், வேலை இழுத்தால் இன்னும் கூடும். உங்கள் வயதில் அந்தக் காலத்தைக் கணக்கில் வையுங்கள்.

கையில் மாத வருமானம் குறைவு என்றால் ரிவர்ஸ் மார்ட்கேஜ் இருக்கிறது, 2007-லிருந்து உண்டு, 60 வயதைத் தாண்டியவர்கள் சொந்த வீட்டை வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் வாங்கலாம், இருவரில் ஒருவர் உயிரோடு அந்த வீட்டில் இருக்கும் வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, பிறகு மகன் கடனை அடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அதிகம் பேர் எடுக்கவில்லை, பிள்ளைக்கு விட்டுப்போக வேண்டும் என்ற எண்ணம்தான் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடமே கேளுங்கள், "நீங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டால் போதும்" என்றுதான் சொல்வார் என நினைக்கிறேன்.

முதியோர் குடியிருப்பு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சமையல், மருத்துவர், பேச்சுத்துணை எல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் நங்கநல்லூர் வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள். அங்கே வீட்டை விலைக்கு வாங்குவதா, வைப்புத்தொகை கட்டி இருப்பதா, மாதச் சந்தா வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், பின்னால் விற்றால் வயதானவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்றெல்லாம் ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். முதலில் மூன்று மாதம் வாடகைக்குப் போய் இருந்து பாருங்கள், முக்கியமாக உங்கள் மனைவிக்குப் பிடிக்கிறதா என்று.

அதற்கும் முன்னால் ஒன்று. உங்கள் தெருவிலேயே, முடிந்தால் உங்கள் கட்டடத்திலேயே, தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு ஏதாவது வாடகைக்கு வருகிறதா என்று பாருங்கள். மேலே உங்கள் மூன்று அறை வீட்டை வாடகைக்கு விட்டால் கீழே கொடுக்கும் வாடகை போகக் கொஞ்சம் மிச்சமும் வரும். அதே கோயில், அதே பால் பூத், அதே பக்கத்து வீட்டுக்காரர்கள், படிக்கட்டு மட்டும் இருக்காது. மேல் வீட்டுக்கு ஆள் தேடும்போது அந்த உறவுக்காரப் பையனையே முதலில் கேளுங்கள், அவனும் வீடுதானே தேடுகிறான்.